எங்கள் வீடு ஒழுகாது

அக்டோபர் 9, வியாழன்

எங்கள் வீடு ஒழுகாது. சொன்னவர் என் கணவர் திருஞானம். அரசாங்கத்தில் கட்டடப் பொறியாளர். கடலூரில் இந்த வீட்டை ஒன்பது ஆண்டுகளுக்கு முன் தானே வரைபடம் போட்டு, தானே நின்று கட்டியவர்.

பின்பக்கப் பெரிய அறையின் கூரையில், மின்விசிறியிலிருந்து அரையடி தள்ளி, இன்று காலை சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஈரம் தெரிந்தது. கூட்டிப்போய்க் காட்டினேன். இடுப்பில் கைவைத்து அண்ணாந்து பார்த்தார். "இது ஒழுகல் இல்ல. ஓதம்" என்றார். இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டேன். ஒழுகல் என்றால் சொட்டும் என்றார். ஒரு சொட்டு அவருடைய மூக்குக்கண்ணாடியில் விழுந்தது. கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு அலுவலகம் கிளம்பிவிட்டார். அங்கே மற்றவர்களின் கட்டடங்களைப் பார்த்து, தகுதியானவை என்று கையெழுத்துப் போட வேண்டும்.

நான் ஒரு மகளிர் கல்லூரியில் வரலாறு கற்பிக்கிறேன். வாதாடி வெல்ல முடியாதவரை ஆவணத்தால் வெல்லலாம் என்று மாணவிகளிடம் சொல்வதுண்டு. இந்த நோட்டு அதற்காக. எந்தத் தேதியில், எந்த இடத்தில், எவ்வளவு. வேறு எதுவும் எழுதப்போவதில்லை.

உளுந்து ஊறப்போட வேண்டும்.

அக்டோபர் 11, சனி

வேறு கொஞ்சமும் எழுத வேண்டியிருக்கிறது. அந்த அறை யாருடையது என்று சொல்லாமல் ஆவணம் முழுமையாகாது.

அது அவருடைய அக்கா தையல்நாயகியின் அறை. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். எட்டு ஆண்டுகளுக்கு முன் கணவரை இழந்து எங்களோடு வந்து சேர்ந்தார். எங்கள் படுக்கையறையையே அவருக்குக் கொடுத்தோம். கன்னி மூலை அறை, வீட்டிலேயே பெரியது, உள்ளேயே குளியலறை. "எந்த மருமவ இப்படிச் செய்வா" என்று அவருடைய சித்தி சிதம்பரத்திலிருந்து வந்து என் தாடையைப் பிடித்துக் கொஞ்சினார். இன்றும் கல்யாண வீடுகளில் என்னைக் காட்டிச் சொல்கிறாராம். நான் மறுப்பதில்லை.

அண்ணி வந்தபோதே அந்த அறையின் சுவரில் பெயிண்ட் பொரிந்திருந்ததா என்று இன்று யோசித்துப் பார்த்தேன். சரியாக நினைவில்லை.

அண்ணி காலையில் திருப்பூர் போனார். மகன் வீட்டில் தீபாவளி, கூடவே மருமகளுக்கு இரண்டாவது பிரசவம். ஆட்டோ வந்து நின்ற பிறகும் மாடிப்படிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். "மழை வந்தா மாடிய ஒரு தடவ பாத்துக்க மங்கை" என்றார். காயப்போட்ட துணியைச் சொல்கிறார் என்று நினைத்துச் சரி என்றேன்.

இந்த மாடிப் பித்து அண்ணிக்கு எப்போதும் உண்டு. மழை கொஞ்சம் விட்டால் போதும், மேலே ஏறிவிடுவார். கேட்டால், மகனோடு பேசக் கீழே சிக்னல் கிடைக்கவில்லை என்பார். முக்கால் மணி நேரம் கழித்து முழங்கால் வரை நனைந்த சேலையோடு இறங்குவார். அப்படி என்ன பேச்சு என்று நான் கேட்டதில்லை. என்னைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

அக்டோபர் 15, புதன்

நீர் தடுக்கும் பெயிண்ட் ஒரு வாளி வந்திருக்கிறது. அரை நாள் விடுப்புப் போட்டு, ஸ்டூலில் ஏறி, அவரே அடித்தார். மாடியில் அல்ல. அறைக்குள், கூரையின் அடிப்பக்கம். தண்ணீர் மேலிருந்துதானே வருகிறது என்று கேட்டேன். இது நவீன ரசாயனம், உனக்குப் புரியாது என்றார். உண்மைதான், புரியவில்லை.

அக்டோபர் 17, வெள்ளி

நேற்று மாலை நல்ல மழை. பெயிண்ட் தன் வேலையைச் சரியாகச் செய்தது. தண்ணீரைக் கீழே விடாமல் தன்னிடமே வைத்துக்கொண்டு, பூரி போல உப்பித் தொங்கியது. அவர் ஊக்கால் குத்தினார். முகம் கழுவ வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று.

ஓதம் என்ற கொள்கை இன்றோடு கைவிடப்பட்டது. இப்போது அது கண்டென்சேஷன். அறைக்குள் அண்ணி விட்ட மூச்சு மேலே போய்க் குளிர்ந்து நீராகிறதாம். அண்ணி ஊருக்குப் போய் ஆறு நாள் ஆகிறது என்று நினைவூட்டினேன்.

அக்டோபர் 18, சனி

பொறியாளர் மாடிக்கு விஜயம். நானும் கூடப் போனேன். கைப்பிடிச் சுவரின் வெடிப்பில் ஒரு அரசங்கன்று, என் இடுப்பு உயரம். அவர் இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். தண்டு கையோடு வந்தது, வேர் சுவருக்குள் தங்கிவிட்டது. கன்றை வெற்றிக்கோப்பை போலத் தூக்கிக் காட்டினார். வெடிப்பின் மேல் சிமெண்ட் குழைத்துப் பூசியாயிற்று. வேருக்கு இனி மழை வெயில் தொல்லை இல்லை.

பின்மூலையில் தண்ணீர் கணுக்கால் அளவுக்குத் தேங்கி நின்றது. அதைச் சுற்றிக்கொண்டு நடந்தார். நானும் சுற்றிக்கொண்டு நடந்தேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. மழை. எண்ணெய்ச் சட்டி ஒன்று அடுப்பில், வெறுஞ்சட்டிகள் நான்கு அண்ணி அறையில்.

அக்டோபர் 22, புதன்

மழையால் கல்லூரிக்கு விடுமுறை. பதினொரு மணி இருக்கும். இட்லி மாவை வழித்துக்கொண்டிருந்தபோது, யாரோ மூட்டையைப் போட்டது போலச் சத்தம். போய்ப் பார்த்தேன். கூரையின் பூச்சு, கீழ்க் கான்கிரீட்டையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு விழுந்திருந்தது. மேலே கம்பிகள் தெரிந்தன. துரு ஏறி, தடித்து, ஏடு ஏடாக உரிந்திருந்தன. விழுந்ததில் பெரிய துண்டு அண்ணியின் கட்டிலில், தலையணையின் மேல் கிடந்தது. தூக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது.

அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கட்டிலை நகர்த்தினேன். தரையில் கட்டில் கால்களின் கறுப்புத் தடங்கள். ஒரு இடத்தில் அல்ல, ஐந்து இடங்களில். ஜன்னலோரம், கதவோரம், நடுவில், குறுக்காக, அலமாரியை ஒட்டி. எட்டு ஆண்டுகளாக அண்ணி கட்டிலோடு அறைக்குள் குடிபெயர்ந்துகொண்டே இருந்திருக்கிறார். நான் வாரம் ஒருமுறையாவது அந்த அறைக்குள் போகிறவள்.

அவர் மதியம் வந்து பார்த்தார். புதுக் கொள்கை ஏதாவது வரும் என்று காத்திருந்தேன். "அக்கா எப்ப வர்றா?" என்று கேட்டார். இரண்டாம் தேதி என்றேன்.

"அதுக்குள்ள பூசி, பெயிண்ட் அடிச்சிடலாம். தெரியாது."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. கட்டில கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கட்டும்."

இதை அப்படியே எழுதிவைக்கிறேன். சிரிப்பு வரும் என்று நினைத்தேன்.

அக்டோபர் 26, ஞாயிறு

அவரிடம் கேட்காமல் ஒரு கொத்தனாரை வரவழைத்தேன். பெயர் தேசிங்கு. எங்கள் கல்லூரிக் கழிவறைக் கூரையைச் சரிசெய்தவர். அந்தக் கூரை இன்னும் ஒழுகவில்லை, இந்தக் காலத்தில் அதைவிடப் பெரிய சான்றிதழ் இல்லை.

அவர் ஒரு சுத்தியலைத் தவிர வேறு கருவி எதுவும் கொண்டுவரவில்லை. சுத்தியலைத் திருப்பிப் பிடித்து, மாடியின் தட்டோடுகளைப் பிடிப்பகுதியால் தட்டிக்கொண்டே நடந்தார். பின்மூலைத் தண்ணீரின் ஓரத்துக்கு வந்ததும் சத்தம் மாறியது. பானையைத் தட்டுவது போல. உள்ளே பிடிமானம் போய்விட்டது என்றார். பிறகு ஒரு வாளித் தண்ணீர் கேட்டார். மாடியின் நடுவில் நின்று ஊற்றினார். பின்னாலேயே ஏறி வந்திருந்த என் கணவரோடு நாங்கள் மூவரும் அது போகிற வழியைப் பார்த்தோம்.

தண்ணீருக்குச் சந்தேகமே இல்லை. நேராகப் பின்பக்கம், தென்மேற்கு மூலைக்கு ஓடியது. வெளியேறும் துளையோ எதிர்ப்பக்கம், வடகிழக்கில், மாடியிலேயே மேடான இடத்தில் இருந்தது.

"என்ன சார் இது" என்றார் தேசிங்கு. "வாட்டம் இந்தப் பக்கம். ஓட்டை அந்தப் பக்கம். தண்ணி என்ன மேடேறியா போவும்?"

தென்மேற்கு மூலையில் குனிந்து, கைப்பிடிச் சுவரைச் சுரண்டினார். வட்டமாக ஒரு பூச்சுத் தெரிந்தது. இங்கே முன்பு ஒரு துளை இருந்திருக்கிறது, அதை அடைத்திருக்கிறார்கள் என்றார். "வாட்டமெல்லாம் கணக்காத்தான் போட்டிருக்கு. யாரு சார் இத அடைச்சது?"

என் கணவர் என்னைப் பார்க்கவில்லை. "வேல ஆளு செஞ்ச தப்பு" என்றார்.

தேசிங்கு இன்னொன்றையும் காட்டினார். தென்மேற்கிலிருந்து வடகிழக்குத் துளை வரைக்கும் ஓடுகளின் மேல் ஒரு வழித்தடம். மற்ற இடமெல்லாம் பாசி கறுத்துக் கிடக்க, அந்த இரண்டடி அகலம் மட்டும் வெளுத்துத் தேய்ந்திருந்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய், ஒரு தென்னந்துடைப்பத்தையும் மேல்பாகம் வெட்டிய எண்ணெய் டின்னையும் எடுத்து வந்தார். துடைப்பம் ஒரு சாண்தான் மிச்சம்.

"இந்த வீட்டுத் தண்ணிய இத்தினி வருசமா யாரோ கையால மேடேத்தியிருக்காங்கம்மா. அதனாலதான் இவ்ளோ நாள் தாங்கிச்சு. இந்த மழைக்கு அவங்க இல்ல போலருக்கு."

அக்டோபர் 27, திங்கள்

கல்லூரி. எழுத ஒன்றுமில்லை.

அக்டோபர் 28, செவ்வாய்

துளையை அடைத்தது வேலை ஆள் அல்ல.

கிரகப்பிரவேசத்துக்கு ஒன்பது நாள் இருந்தபோது, ஒரு வாஸ்து நிபுணர் வந்து பார்த்தார். தென்மேற்குக் கன்னி மூலை தாழ்ந்திருக்கக் கூடாது, அங்கே துளை இருக்கவே கூடாது, வீட்டின் நீர் வடகிழக்கில், ஈசானியத்தில்தான் வெளியேற வேண்டும் என்றார். வாட்டத்தை மாற்ற வேண்டுமானால் மாடி முழுவதையும் கொத்தி எடுக்க வேண்டும். பத்திரிகை கொடுத்தாகிவிட்டது. துளையை மட்டும் மாற்றலாமே என்று யோசனை வந்தது. என் கணவர் முடியாது என்றார், தண்ணீருக்கு வாஸ்து தெரியாது என்றார், இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தார். பிறகு மாற்றிக்கொடுத்தார்.

அந்த நிபுணரை ஆட்டோ வைத்து அழைத்துவந்தது நான். யோசனையும் என்னுடையது. வரலாற்றில் முதுகலை, எம்.ஃபில். என் கல்லூரி வேலை அப்போது தற்காலிகமாக இருந்தது. நீர் ஈசானியத்தில் போனால் ஆறு மாதத்தில் நிரந்தரமாகும் என்று நிபுணர் சொல்லியிருந்தார்.

வேலை இன்றும் தற்காலிகம்தான். ஆனால் நிபுணரைக் குறை சொல்ல வழியில்லை. தண்ணீர் ஒருநாளும் தானாக ஈசானியத்தில் போகவில்லையே.

இருபது நாளாக ஒரு மனிதரைக் கேலி செய்து எழுதியிருக்கிறேன். ஒன்பது ஆண்டுகளாக வாயாலும் செய்திருக்கிறேன். ஓதம், கண்டென்சேஷன் என்று அவர் தேடித் தேடிச் சொன்ன பெயர்களில் ஒன்றுகூட என் பெயர் இல்லை. அது அன்பா, மனைவி சொல்லி வாட்டத்துக்கு எதிராகத் துளை போட்ட பொறியாளர் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்ற பயமா, தெரியவில்லை. இரண்டும் இருக்கலாம். கூரை யார் தலைமேல் இருந்தது என்பதை மட்டும் இருவரும் பேசவில்லை.

இன்னொன்றும் எழுத வேண்டும். நாளை எழுதுகிறேன்.

அக்டோபர் 29, புதன்

அவரிடம் பேசினேன். கூரையைப் பூசி மறைக்கக் கூடாது. அடைத்த துளையைத் திறக்க வேண்டும். அது சரியாகும் வரை அண்ணிக்கு என் படிப்பறை.

அவர் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு, கேலி இல்லாமல், உண்மையாகவே கேட்டார்: "தொறந்துட்டா உன் வேல?"

ரசத்தை அவர் தட்டில் ஊற்றினேன். "தொறங்க" என்றேன்.

நவம்பர் 1, சனி

தேசிங்கு உளியை வைத்து இருபது தட்டுத் தட்டினார். பூச்சு உடைந்து துளை திறந்ததும், மூலையில் இரண்டு வாரமாகக் கிடந்த தண்ணீர் பின்சந்தில் சளசளவென்று கொட்டியது. மாலைக்குள் குழாயும் பொருத்தியாயிற்று. ஒரு நாள் வேலை.

மற்றது நாளாகும். ஓடுகளைப் பெயர்த்து, அடியில் இற்றுப்போன சுண்ணாம்பு ஜல்லியை அள்ளி, புதிதாகப் போட வேண்டும். அரச வேரையும் சுவரை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். வேருக்கு மேல் சிமெண்ட் பூசியது யார் என்று தேசிங்கு கேட்டார். வேலை ஆள் என்றேன்.

நவம்பர் 2, ஞாயிறு

அண்ணி வந்துவிட்டார். ஒன்பது மணிக்குத்தான் பேருந்து வந்தது. என் படிப்பறையில் அவருடைய கட்டிலைப் பார்த்து வாசலிலேயே நின்றார். கூரை விழுந்ததைச் சொன்னேன். தலையணையைச் சொல்லவில்லை. பிறகு அவரே அந்த அறைக்குப் போய், அண்ணாந்து பார்த்து, கீழே பார்த்து, கட்டில் தடத்தைக் காலால் தேய்த்துப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

மதியம் அவர் அவரைக்காய் நறுக்கும்போது கேட்டேன்.

"மாடித் தண்ணிய நீங்கதான் தள்ளினீங்களா?"

"ஆமா. தானா எங்க போவுது."

"அப்ப பையனோட பேசினதெல்லாம்?"

"அவன் எங்க போன எடுக்குறான்."

நார் உரித்துக்கொண்டே இருந்தார். இத்தனை ஆண்டுகளில் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றேன். குரலில் குறை தொனித்தது என்று எனக்கே கேட்டது.

"தம்பி, வீடு ஒழுகாதுங்கறான். நீ உங்க ரூமையே எனக்குத் தூக்கிக் குடுத்தேன்னு ஊரே பேசுது. நடுவுல நான் எந்த வாயால மங்கை ஒழுகுதுன்னு சொல்றது?"

கோபமாகச் சொல்லவில்லை. நறுக்கிய காயை என் பக்கம் தள்ளி, கழுவிப் போடு என்றார்.

நவம்பர் 9, ஞாயிறு

நான்கு நாள் வெயில். தேசிங்கு வேகமாக முடித்துக்கொண்டிருக்கிறார். அண்ணி அறையில் கம்பிகளின் துருவைச் சுரண்டி, மருந்து தடவி, புதிதாகக் கான்கிரீட் வைத்துப் பூசிவிட்டார். என் கணவர் விடுப்புப் போட்டுக் கூடவே நின்றார். ஒரு வேலையிலும் குறுக்கிடவில்லை. ஓட்டு இணைப்புகளுக்குச் சிமெண்ட் பால் ஊற்றும்போது குனிந்து வாளியைப் பிடித்துக்கொண்டார்.

நான் சமையலறை மேசையில் வைத்து விடைத்தாள் திருத்துகிறேன். ஒரு தாளில் சாம்பார். மாணவி ஐந்து மதிப்பெண் கூடுதலாகப் பெற்றாள்.

நவம்பர் 16, ஞாயிறு

இரண்டு நாள் விடாத மழை. அண்ணி அறைக் கூரையில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. என் கணவர் மூன்று முறை போய்ப் பார்த்தார். வெள்ளைச் சுவரில் கையை வைத்துப் பார்த்தார். "ஒழுகல" என்றார், வாழ்க்கையில் முதன்முறையாகச் சரியாக.

நான் பெருமையோடு அண்ணியிடம் போய், அறை தயார், கட்டிலைத் தூக்க ஆள் சொல்லட்டுமா என்று கேட்டேன். உண்மையைச் சொன்னால், என் மேசையும் புத்தகங்களும் எனக்கு வேண்டியிருந்தன. அண்ணி ஜன்னலோரம் உட்கார்ந்து வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை.

"நான் இங்கயே இருக்கேன் மங்கை. சின்ன ரூமுதான் எனக்கு சரி. அந்த ரூம நீங்களே எடுத்துக்குங்க. இப்பதான் நல்லா ஆயிடுச்சே."

எட்டு ஆண்டுகளில் அண்ணி இந்த வீட்டில் தனக்கு வேண்டும் என்று சொன்ன முதல் பொருள் இது. கேட்கவும் இல்லை, சொன்னார். வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

சரி என்றேன். வேறு என்ன சொல்ல முடியும். அறையிலிருந்து வெளியே வந்த பிறகுதான் ஒன்று உறைத்தது. இதற்குமுன் நான் அவருக்கு ஒரு அறையையும் கொடுத்திருக்கவில்லை.

நவம்பர் 23, ஞாயிறு

என் புத்தகங்கள் பெரிய அறைக்கு வந்துவிட்டன. எங்கள் கட்டிலும். நல்ல காற்று, நல்ல வெளிச்சம், உள்ளேயே குளியலறை.

காலையில் சிதம்பரம் சித்தி தொலைபேசியில் அழைத்தார். யாரோ வந்து பார்த்துவிட்டுப் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். நலம் விசாரிக்கவில்லை.

"தையலு அந்தச் சின்ன ரூமுல கெடக்குறாளாமே. நீங்க பெரிய ரூம எடுத்துக்கிட்டீங்களாமே. வயசான காலத்துல அவள இப்படி மூலைல தள்ளலாமா மங்கை? ஒன்னப் பத்தி நான் எத்தினி பேருகிட்ட பெருமையா சொல்லியிருக்கேன்."

அண்ணி எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். சித்தியின் குரல் வெளியே கேட்கும் குரல். அண்ணி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்கிறேன் என்று கேட்கக் காத்திருந்தார். உதவிக்கு வரும் எண்ணம் அவர் முகத்தில் இல்லை.

ஒரே வாக்கியம் போதும். அந்த அறை ஒழுகியது சித்தி, அதனால்தான் மாற்றினோம். என் பெயர் மீண்டும் பளிச்சென்று ஆகிவிடும். வாயைத் திறந்தும் விட்டேன்.

சித்தி வரலாறு படித்தவர் இல்லை. ஆனால் எப்போதிலிருந்து ஒழுகியது என்று கேட்பார். அண்ணி வருவதற்கு முன்பே, நாங்கள் அங்கே படுத்திருந்தபோதே: இந்த நோட்டில் நாளை, நாளை என்று எழுதாமல் விட்டது அதைத்தான்.

"ஆமா சித்தி" என்றேன். "நாங்கதான் எடுத்துக்கிட்டோம்."

அண்ணி வெற்றிலைப் பெட்டியை மூடினார்.